ஆயிரம் வெட்டுக்கு மழுங்காத இரும்பு

"ஆயிரம் வெட்டுக்கு மழுங்காதும்மா இது" என்று ஜமால் பாய் சொன்னதும் அழகுநாச்சிக்குச் சந்தோஷம் வரவில்லை, வகுத்தல்தான் வந்தது. ஒரு செடிக்கு நாலு வெட்டு. வேர்ச்செடியின் தலையை நறுக்க ஒன்று, நறுக்கிய தண்டை நடுவில் பிளக்க ஒன்று, பிளவுக்குள் செருக வேண்டிய ஒட்டுக் குச்சியை ஆப்பு மாதிரி இரண்டு பக்கமும் சீவ இரண்டு. ஆயிரத்தை நாலால் வகுத்தால் இருநூற்றைம்பது. இருநூற்றைம்பது மாஞ்செடிக்கு ஒரு தடவைகூடக் கல்லில் தீட்ட வேண்டாமென்றால் அது என்ன இரும்பு, இரும்புதானா, அவள் கைபட்ட கத்தி எதுவும் முப்பது செடியைத் தாண்டி முகம் கொடுத்ததில்லையே. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்த இரும்புச் சாமான் கடையில் சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவள் கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாள். அந்தப் பக்கம் பாய். நடுவில் பச்சைத் துணியில் மூன்று மடக்குக் கத்திகள். ஓரத்து இரண்டும் பார்த்துப் பழகிய முகங்கள். மரப்பிடி, வெள்ளை அலகு, நத்தத்துச் சந்தையில்கூடக் கிடைப்பவை. நடுவில் இருந்ததுதான் கறுப்புப் பிடியும் சாம்பல் அலகுமாக, அலகின் மேல் மார்கழிக் காலைக் கண்மாய் மாதிரி லேசாகப் புகை படர்ந்து, யாரையும் பார்க்காமல் கிடந்தது. "சாதா இரும்ப உருக்கி ஊத்திருவாங்க. இத உருக்கி, மாவாட்டம் தூளாக்கி, அந்தத் தூள மறுபடி அழுத்தி எடுக்கிறாங்க. ஜப்பான் சரக்கு" என்றார் பாய். இரும்பு மாவாகுமா. மாவான பிறகு அதற்குத் தான் இரும்பென்று ஞாபகம் இருக்குமா. அவள் அதைத் தொடவில்லை. தொட்டால் விலை கேட்க வேண்டும், கேட்டுவிட்டால் வாங்கவோ விடவோ வேண்டும், இரண்டில் எதற்கும் மனசு இன்னும் தயாராகவில்லை. ஒரு வெள்ளாட்டுக் குட்டியின் விலை இருக்கும் என்று கூட வேலை பார்க்கிற தவமணி சொல்லி அனுப்பியிருந்தாள். தவமணிக்கு எல்லாம் தெரியும். தவமணி ஒட்டுக் கட்டினால் நூற்றுக்கு எண்பத்தைந்து துளிர்க்கும்.

எண்பத்தைந்து. அந்த எண்ணை நினைத்ததும் வழக்கம்போல அதன் பின்னாலேயே இன்னொரு எண் வந்து நின்றது, அறுபத்தொன்று. போன பருவத்தில் அழகுநாச்சி கட்டியதில் பிழைத்தவை நூற்றுக்கு அறுபத்தொன்று. அதற்கு முந்தின பருவம் அறுபத்துநாலு. நத்தம் பக்கத்து நர்சரியில் பத்தொன்பது வருஷமாக நாட்டு மாங்கன்றில் நல்ல சாதி மாவை ஏற்றிக் கொண்டிருப்பவள், நாள் தவறாமல் விடியுமுன் போய்க் குச்சிகளின் தலையில் போட்ட பாலிதீன் குல்லாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பவள், உள்ளே செம்பு நிறத்தில் ஒரு நகக்கண் அளவு துளிர் எட்டிப் பார்த்தால் அன்றைக்குச் சோறே வேண்டாம் என்று இருப்பவள், அவளுக்கு அறுபத்தொன்று. பாக்கி முப்பத்தொன்பதும் குல்லாய்க்குள்ளேயே கறுத்துப் போயிருந்தன. வெந்த மாதிரி இல்லை, காய்ந்த மாதிரியும் இல்லை, யாரோ வர வேண்டும் என்று காத்திருந்து வராமல் போன முகம் மாதிரி. நர்சரிக்காரர் வீரணன் கெட்ட மனுஷர் இல்லை. கத்தவில்லை, வையவில்லை. "அழகு, நீ நாடா கட்டு இனிமே" என்றார். நாடா கட்டுவது என்றால் மற்றவர்கள் வெட்டிச் செருகியதை பாலிதீன் நாடாவால் சுற்றுவது. முன்னால் தவமணி வெட்டுவாள், பின்னால் அழகுநாச்சி உட்கார்ந்து காயத்துக்குக் கட்டுப்போடுவாள். எட்டு மாதம் அப்படி உட்கார்ந்தாள். எட்டு மாதமும் தவமணியின் வெட்டுக்களைப் பார்த்தாள், ஒவ்வொரு முகமும் கண்ணாடி மாதிரி, குச்சியும் தண்டும் சேர்ந்த இடத்தில் ஒரு எறும்பு மீசை நுழையாது. போன வாரம் துணிந்து போய், மறுபடி வெட்டக் கொடுங்க என்று கேட்டாள். வீரணன் வெகுநேரம் காதைக் குடைந்துவிட்டு, "சரி. திங்கக்கிழமை புதுப் பருவத்து ஒட்டுத் தொடங்குறோம். நூறு செடி தாரேன். எம்பது வந்துச்சுன்னா கத்தி உனக்கு. வரலைன்னா நாடாவோட இருந்துக்க, அப்புறம் கேக்கக் கூடாது" என்றார். கேட்கக் கூடாது. அந்த இரண்டு சொல்லும் ஒரு வாரமாக அவளோடு படுத்து அவளோடு எழுந்திருந்தன.

தவமணி அன்றைக்குச் சொன்னது அதைவிட மோசம். மோசமென்று சொல்லக் கூடாது, பாசமாகத்தான் சொன்னாள், தோளில் கை வைத்துத்தான் சொன்னாள். "நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத அழகு, கைராசின்னு ஒண்ணு இருக்குல்ல, அது வெலைக்கா கெடைக்கும்." கைராசி. ஒரு வைத்தியரிடம் போனால் சுகமாகிறது, இன்னொருவரிடம் போனால் இழுத்துக்கொண்டே போகிறது, ஒருத்தி விதை போட்டால் பத்தும் முளைக்கிறது, அதெல்லாம் கைராசி. அது கை வேலையில் இல்லை, கைக்குள் இருக்கிறது, எங்கே இருக்கிறதென்று அறுத்துப் பார்க்கவும் முடியாது. அழகுநாச்சியின் கையோ முதலிலிருந்தே பஞ்சாயத்தில் நிற்கிற கை. அவள் நொட்டாங்கைக்காரி. சோற்றுத் தட்டில் இடது கை போனால் அம்மா பழைய சேலைக் கரையைக் கிழித்து அந்தக் கையை முதுகோடு கட்டிப்போட்டுவிடுவாள். கட்டிப்போட்டு, அவள் வலது கையால் உருட்டிச் சிந்துவதைப் பார்த்து, தாங்காமல் தானே ஊட்டியும் விடுவாள். சாப்பாட்டைக் கடைசியில் வலது கை கற்றுக்கொண்டது. கோலத்தையும் எழுத்தையும் அரைகுறையாகக் கற்றுக்கொண்டது. கத்தியை மட்டும் கற்றுக்கொள்ளவேயில்லை. கத்தி பிடித்தால் வலது கை தூங்கி எழுந்த பிள்ளை மாதிரி விழிக்கும். வருஷாவருஷம் ஒட்டுத் தொடங்கும்போது பூசை போட்டு முதல் வெட்டு வெட்டுவார்கள், அதை அவள் கையில் ஒரு வருஷமும் கொடுத்ததில்லை, அவளும் கேட்டதில்லை, கேட்காமலேயே ஓரமாகப் போய்த் தண்ணீர்க் குடத்தை எடுத்து வைத்துக்கொண்டு நிற்பாள். அதெல்லாம் சரி. ஆனால் மாஞ்செடிக்குத் தெரியுமா இடது வலது? மரத்துக்கு ஏது பீச்சாங்கை? இதை அவள் யாரிடமும் கேட்டதில்லை, தன்னிடம் மட்டும் கேட்டுக்கேட்டு கேள்வியே தேய்ந்து போயிருந்தது.

"எடுத்துப் பாருங்கம்மா, கடிக்காது" என்றார் பாய். அவள் சிரித்தாள். ஆனால் கை போகவில்லை. ஏன் போகவில்லை என்பது திடீரென்று, நடந்துபோகிறவள் காலில் முள் ஏறுகிற மாதிரி, அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷமும் ஒரு இடத்தில் அவள் ஒளிந்துகொண்டு வந்திருக்கிறாள், அந்த இடத்துக்குப் பேர் கத்தி. வீரணனின் கத்திகள், அவரே தினம் காலையில் கல்லில் தீட்டி வரிசையாக வைக்கிற கத்திகள், இரண்டு ரகமாகக்கூட இல்லாத ஒரே ரகக் கத்திகள். செடி கறுக்கும்போதெல்லாம் ராத்திரி படுத்துக்கொண்டு, கத்தி சரியில்லை, என் கை என்ன செய்யும் என்று சொல்லிக்கொண்டுதான் அவள் தூங்கினாள். நல்ல கத்தி வாங்காதவரைக்கும்தான் கத்தியைக் குறை சொல்ல முடியும். இந்தச் சாம்பல் அலகை வாங்கிக்கொண்டு போய், உலகத்திலேயே உசத்தி இரும்பை வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்து, அப்புறமும் அறுபத்தொன்று என்றால்? அப்புறம் ஒளிய எது இருக்கிறது? தொண்ணூறு வந்தாலும்தான் என்ன, "ஜப்பான் கத்தியில்ல, அது வெட்டுது" என்பார்கள். வந்தால் இரும்புக்குப் பேர், வராவிட்டால் கைக்குப் பேர். இதில் அழகுநாச்சி எங்கே? திரும்பிப் போய்விடலாமா. பேருந்து நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது, நத்தம் வண்டி அரைமணிக்கு ஒன்று, நாடா கட்டுவதும் வேலைதான், நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை, கை வலிக்காது, யாரும் எண்ண மாட்டார்கள். மேலே மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டக்கென்று சொடுக்கியது. சொடுக்கும் சொடுக்கும் இடையில் அவள் போய்விட்டாள், வந்துவிட்டாள், போய்விட்டாள், வந்துவிட்டாள். பிறகு, யோசித்து அல்ல, யோசிப்பதில் அலுத்துப்போய், பையிலிருந்து ஈரத்துணிச் சுருளை எடுத்துப் பெட்டி மேல் வைத்தாள். உள்ளே பத்துப் பன்னிரண்டு மாங்குச்சிகள், காலையில்தான் ஒடித்தவை, பென்சில் கனம். "வெட்டிப் பாத்துத்தான் வாங்குவேன் பாய்." "பாருங்க பாருங்க. கத்திய வெட்டிப் பாக்காம மோந்தா பாக்கிறது" என்று அவர் நகர்ந்து, கதவுக் கீல் கேட்டு வந்த ஒரு வேட்டிக்காரரைக் கவனிக்கப் போனார்.

எடுத்தாள். கனமே இல்லை, அல்லது கனம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தது. விரலால் தள்ளியதும் அலகு கதவு மாதிரித் திறந்து ஒரு சின்னச் சத்தத்தோடு நின்றது. வலது கையில் குச்சி, இடது கையில் கத்தி. குச்சியின் நுனிக்கு இரண்டங்குலம் மேலே அலகை வைத்து இழுத்தாள். இழுத்தாளா, இல்லை நினைத்தாளா, சத்தமே வரவில்லை, மரம் எதிர்க்கவே இல்லை, தயிர்ப்பானையில் கரண்டி இறங்குகிற மாதிரி இறங்கி வெளியே வந்துவிட்டது. சீவல் ஒன்று சுருண்டு கண்ணாடி மேல் விழுந்தது. மாம்பாலின் காரவாசம் எழுந்தது. உடம்பெல்லாம் ஒரு நிமிஷம் குளிர்ந்தது அவளுக்கு, இதுதான், இதைத்தான் இத்தனை நாள், ஐயோ இதை முதல் வருஷமே வாங்கியிருந்தால் என்று மனசு தலைதெறிக்க ஓடியது, திங்கட்கிழமைக்கு ஓடி, எண்பதைத் தாண்டி, தொண்ணூறைத் தொட்டு, வீரணனின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. இன்னொரு குச்சியையும் அப்படியே சீவினாள். இரண்டு வெட்டு முகத்தையும் ஒன்றோடொன்று வைத்து, எல்லா ஒட்டுக்காரிகளும் செய்கிற மாதிரி, கண்ணுக்கு நேரே உயர்த்தி, குழல்விளக்குக்கு நேராகப் பிடித்தாள். நடுவில் ஒரு வெளிச்சக்கோடு. மயிரிழைதான். நுனியில் ஒட்டியிருந்தது, அடியில் ஒட்டியிருந்தது, நடுவில் மட்டும் ஒரு மெல்லிய பள்ளம், பள்ளத்துக்குள் பால் மாதிரி வெளிச்சம். அவளுக்குத் தெரிந்த பள்ளம். பத்தொன்பது வருஷமாக அதே இடத்தில் விழுகிற பள்ளம். பச்சைத்தோலும் பச்சைத்தோலும் முட்டினால்தான் ஒட்டு உயிர் பிடிக்கும், அந்தப் பள்ளத்தில் அவை முட்டாது, அங்கே காற்று உட்காரும், காற்று உட்கார்ந்த இடத்தில் கறுப்பு உட்காரும். உலகத்து உசத்தி இரும்பு அந்தப் பள்ளத்தை இன்னும் வழவழப்பாக, இன்னும் அழகாக வெட்டியிருந்தது. நல்ல இரும்பு தப்பையும் கூர்மையாகவே செய்யும். ஆயிரம் தப்பு, ஒன்றுகூட மழுங்காமல்.

ஆக, கைதான். அப்படிச் சொல்லிக்கொண்டபோது அழுகை வரவில்லை, மனசு அமர்ந்தது, மழை ஓய்ந்த பிறகு கிணற்றில் கலங்கல் அமர்கிற மாதிரி. ஒளிந்த இடம் போய்விட்டது. தேடி வந்து தானே இடித்துப் போட்டாகிவிட்டது. கைதான், ராசிதான், தவமணி சொன்னது சரிதான், அம்மா கட்டிப்போட்டது சரிதான், கட்டை அவிழ்க்காமலேயே விட்டிருக்க வேண்டும். நாடா, இனிமேல் நாடா, முழங்கால் மரத்துப்போகும்வரை நாடா. அவள் என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே மூன்றாவது குச்சியை எடுத்து வைத்திருந்தாள். அப்போதுதான் கீல் வாங்க வந்தவர் எட்டிப் பார்த்து, "அட, நொட்டாங்கையா!" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மழை வருது என்கிற மாதிரி சும்மா சொன்னார். ஆனாலும் அந்தச் சொல்லுக்கு அவள் உடம்பில் தனியாக ஒரு நரம்பு இருந்தது, அது சுண்டியது, கத்தி தானாக வலது கைக்கு மாறியது, பந்திக்கு நடுவில் யாராவது பார்த்தால் மாறுகிற மாதிரியே. மாறின கையைத் திரும்ப மாற்ற வெட்கமாக இருந்தது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். சரியென்று வலது கையாலேயே இழுத்தாள். விழிக்கிற கை, பாதியில் ஒரு தடவை நின்றுகூடப் போனது. அசிங்கமான வெட்டு. அவர் கீலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவள் குச்சியைத் தூர வைக்கப் போனவள், பழக்கதோஷத்தில் அதன் முகத்தைக் கட்டைவிரலால் தடவினாள். தடவிய விரல் நின்றது.

பள்ளம் இல்லை. நின்ற இடத்தில் ஒரு சின்னப் படி இருந்தது, ஓரம் பிசிறியிருந்தது, ஆனால் பள்ளம் இல்லை. தரை மாதிரி நேராக இருந்தது. அவள் நம்பவில்லை. நாலாவது குச்சி, வலது கை, மெதுவாக. நேர். ஐந்தாவது, நேர். இரண்டையும் சேர்த்து விளக்குக்குப் பிடித்தாள், ஓரப் பிசிறில் கொஞ்சம் ஒழுகியதே தவிர நடுவில் இருட்டு. சோற்றை உருட்டத் தெரியாமல் சிந்திய கை, கோலத்தில் புள்ளி தப்புகிற கை, பத்தொன்பது வருஷத்தில் ஒரு ஒட்டுக்கூடக் கட்டாத கை, அது எடுத்த எடுப்பில் நேராக வெட்டுகிறது. எல்லாம் தெரிந்த கை பள்ளம் போடுகிறது. இது எப்படி, இது எந்த ஊர் நியாயம்? ராசி என்றால் அது வலது கையில் வந்து எப்போது உட்கார்ந்தது, சொல்லாமல் கொள்ளாமல்? கோபமாகக்கூட வந்தது வலது கை மேல், உழைக்காமல் சொத்துக்கு வந்த பங்காளி மேல் வருகிற மாதிரி. இல்லை. கை மாறியது, சரி. கையோடு வேறு என்ன மாறியது? அவள் கத்தியைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்து, முதுகு மேலாக, வாய் கீழாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து பார்த்தாள். அலகின் ஒரு பக்கம் சுவர் மாதிரி நேராக இறங்கியது. மறுபக்கம் வாய்க்குக் கொஞ்சம் மேலே ஓட்டுக்கூரை மாதிரிச் சரிந்திருந்தது. ஒரு பக்கம்தான் சாணை. இது அவளுக்குத் தெரியாததா, ஒட்டுக்கத்தி எல்லாமே அப்படித்தான், வீரணன் கல்லில் தீட்டும்போதும் ஒரு பக்கத்தைத்தான் தீட்டுவார், தினம் பார்த்ததுதான். அவள் கத்தியை வலது கையில் குச்சி மேல் வைத்தாள். சுவர் மரத்தின் மேல் படிந்தது, கூரை வெளியே காற்றைப் பார்த்தது. இடது கைக்கு மாற்றி வைத்தாள். கூரை மரத்தின் மேல் படிந்தது. சுவர் வெளியே போயிற்று. திரும்ப வலது. சுவர். திரும்ப இடது. கூரை. கூரை மரத்தில் படிந்தால் வாய் எங்கே போகும்? உள்ளே குத்தும். குத்திவிட்டு மேலே ஏறும். பள்ளம்.

மின்விசிறி சொடுக்கியது. அழகுநாச்சி கண்ணாடிப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கோபம் வர வேண்டிய இடம் அது, பத்தொன்பது வருஷத்துக்கும் ஒருவர் மிச்சமில்லாமல் எல்லார் மேலும் கோபப்பட்டிருக்கலாம், ஆனால் வந்தது சிரிப்பு, அதுவும் சத்தமாக. பாய் திரும்பிப் பார்த்தார். கைக்கென்று ஒரு குறையும் இல்லை. கைராசியும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. மற்றவர்கள் எல்லாம் செருப்பைச் சரியான காலில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார்கள், அவள் ஒருத்தி மாற்றிப் போட்டுக்கொண்டு அவர்களோடு ஓடியிருக்கிறாள், ஓடி, நூற்றுக்கு அறுபத்தொன்று வாங்கியிருக்கிறாள். அறுபத்தொன்று! அந்த எண் அவளுக்குள் மெல்லப் புரண்டு படுத்தது. இவ்வளவு நாளும் முப்பத்தொன்பது செத்ததைத்தான் அது சொல்லிக்கொண்டிருந்தது. இப்போதோ, எதிரியான கத்தியை வைத்துக்கொண்டே அறுபத்தோரு செடியைப் பிழைக்க வைத்த ஒரு கையைப் பற்றிச் சொல்லியது. தவமணியை இடது கையில் வெட்டச் சொன்னால் எத்தனை வரும்? இருபது? அவள் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரல் காய்ப்பு, ஆள்காட்டி விரலில் நாலு பழைய வெட்டுத் தழும்பு, நகத்தில் பால் கறை. விவரம் தெரியாமல் அடித்துவிட்ட பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். கண் நிறைந்தது, துடைத்துக்கொண்டாள், துடைத்ததும் பார்வை வெகு தெளிவாக இருந்தது.

"பாய், இதோட சாணைய இந்தப் பக்கத்துக்கு மாத்தித் தர முடியுமா?" என்று கேட்டாள். அவர் கத்தியை வாங்கிப் பார்த்து, அவள் கையைப் பார்த்து, குச்சிகளைப் பார்த்து, மெதுவாகத் தலையை ஆட்டினார். "புரியுதும்மா. ஆனா இந்த இரும்ப நம்மூருக் கல்லு தொடாது. சக்கரத்துல கொடுத்தா சூடேறி வாய் செத்துப்போகும். ஆயிரம் வெட்டுக்கு மழுங்காதுன்னா ஆயிரம் தீட்டுக்கும் மசியாதுன்னுதானே அர்த்தம்." அப்புறம் நெற்றியைச் சொறிந்தார். "இருங்க. ஒண்ணு கெடந்துச்சு." ஏணியைச் சாய்த்து மேல் பலகையில் ஏறினார். பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஏதேதோ உருண்டது. அந்த நேரம் முழுக்க அவள் மூச்சைப் பாதியில் நிறுத்தியிருந்தாள், இருக்காது, இருக்கும், இருந்தாலும் துருவாக இருக்கும், துருவாக இருந்தாலும் பரவாயில்லை. தூசியோடு ஒரு அட்டைப்பெட்டி இறங்கியது. "எப்பவோ ஒரு பெட்டிச் சரக்குல தப்பா வந்து சேந்தது. மூணு தடவ வித்தேன், மூணு பேரும் கோணலா வெட்டுதுன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. நானும் ஓட்டைச் சரக்குன்னு தூக்கிப் போட்டுட்டேன்." மரப்பிடி, வெடிப்பில்லை. வெறும் இரும்பு, எந்த ஊர்ப் பேரும் இல்லை, அலகில் மிளகு மிளகாகத் துருப்புள்ளி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து பார்த்தாள். சுவர் இந்தப் பக்கம். கூரை அந்தப் பக்கம். கோணலாக வெட்டுகிறது என்று மூன்று பேர் திருப்பிக் கொடுத்த கத்தி. பையில் எப்போதும் இருக்கும் உள்ளங்கை நீளத் தீட்டுக்கல்லை எடுத்தாள், பாய் சொம்பில் தண்ணீர் கொடுத்தார், கடைவாசல் படியில் உட்கார்ந்தாள். வெறும் இரும்பு கல்லுக்கு உடனே வழிவிட்டது. சாம்பல் நிறச் சேறு வழிந்தது. பத்து நிமிஷமோ பதினைந்தோ, தெருவில் ஆட்டோக்கள் கத்தின, யாரோ அவளைத் தாண்டிக் கடைக்குள் போனார்கள், அவளுக்குத் திங்கட்கிழமை ஞாபகமில்லை, பயமிருந்த இடத்தில் கல்லின் சத்தம் மட்டும் இருந்தது. முந்தானையில் அலகைத் துடைத்து, முன்கை ரோமத்தில் ஒரு இழு. சரி.

மிச்சமிருந்த குச்சியில் ஒன்றை எடுத்து இடது கையால் இழுத்தாள். ஜப்பான் இரும்பு மாதிரி நழுவவில்லை இது, லேசாக ஒரு 'ஸ்' என்றது, மரம் கொஞ்சம் பேசியது, பேசிக்கொண்டே வழிவிட்டது. இரண்டாவது குச்சி. சேர்த்தாள். விளக்கு வேண்டாமென்று வாசல் வெயிலுக்கே நேராகப் பிடித்தாள், ஆடி மாதத்து உச்சி வெயிலுக்கு, ஊசி முனை இடம் கிடைத்தாலும் புகுந்துவிடுகிற வெயிலுக்கு. புகவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே இருட்டு. திருப்பினாள், இருட்டு. அழுத்திப் பிடித்திருந்த விரலைத் தளர்த்தினாள். இரண்டு குச்சியும் ஒன்றையொன்று விடவில்லை, ஈரத்திலேயே கவ்விக்கொண்டு ஒரே குச்சியாக நின்றன. "பாய்!" என்றாள், ஊருக்கே கேட்கிற மாதிரி. அவர் ஓடி வந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, "எங்கம்மா வெட்டுனீங்க, தெரியலையே" என்றார். தெரியவில்லை! இந்தச் சொல்லுக்காக எத்தனை வருஷம். "இதத்தான் எடுத்துக்கிறேன்." "ஓட்டைச் சரக்கும்மா, நான் எப்படி வெல சொல்றது." "நல்ல வெலையே சொல்லுங்க. இது நல்ல கத்தி." அவர் சாம்பல் அலகை மடித்துப் பச்சைத் துணியில் திரும்ப வைத்தார். அவளுக்கு அதன் மேல் வருத்தம் ஒன்றுமில்லை. நல்ல இரும்புதான், யாரோ ஒரு வலதுகைக்காரர் வந்து சேர்வார், நன்றாக இருக்கட்டும். பொட்டலம் கட்டப் போனவரை நிறுத்தி, கத்தியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "இன்னொண்ணு கெடச்சா எடுத்து வைங்க பாய். எங்க பக்கம் என்னாட்டம் இன்னும் ஆளு இருக்கும். அவங்களுக்கே தெரியாது."

வாசலில் நின்றே போனில் வீரணனைக் கூப்பிட்டாள். "என்ன அழகு, தவமணி சொன்ன அந்த ஜப்பான் கத்திய வாங்கிட்டியா?" "இல்லைங்கய்யா. வெறும் இரும்புதான். என் கைக்கு வச்சுச் செஞ்ச கத்தி." அவருக்குப் புரியவில்லை, அதைப் போனில் புரியவைக்கப் போவதுமில்லை. "நூறு போதாதுங்க. இருநூறு செடி எடுத்து வைங்க. நாடா கட்ட ஒரு ஆளும் வேணும்." இப்படிக் கேட்கப் பயமில்லாமல் போனதே அவளுக்குப் புதிதாக இருந்தது. "இருநூறா? உனக்கு என்ன ஆச்சு? சரி, திங்கக்கிழமை வா, பாப்போம்." "திங்கக்கிழமை எதுக்குங்க. அடுத்த வண்டியில வாரேன். இன்னைக்கே உக்காருறேன்." "ஏம்மா, சனிக்கிழமையில போயா? ஆடி வேற நாளைக்குத்தான முடியுது. இன்னைக்குப் போய் யாராச்சும் ஒண்ணத் தொடங்குவாங்களா?" தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. அது போகும்வரை பொறுத்துவிட்டு அழகுநாச்சி சொன்னாள்: "நான் எங்கங்கய்யா தொடங்குறேன். பத்தொம்பது வருசமாச் செஞ்சுக்கிட்டு இருக்கிறதத்தான் செய்யப் போறேன்." சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பேருந்து நிலையத்தை நோக்கி வெயிலில் நடக்கத் தொடங்கியிருந்தாள். "சரி, வா, செடிய நிழலுக்கு எடுத்து வைக்கச் சொல்றேன்" என்று காதுக்குள் வீரணன் சொன்னபோது பாதித் தெருவைக் கடந்திருந்தாள்.